தெளிவான படத்துக்கு ஒரு மோடம்

தூளிப் பக்கம் கேமராவைத் திருப்பினால் மட்டும் சஹாபுதீன் தலையைக் குனிந்துகொண்டான். ஷார்ஜாவில் இருக்கிறவனுக்கு வாரம் ஒரு தடவை, வெள்ளிக்கிழமை மத்தியானம், கம்ப்யூட்டரில் மட்டுமே பார்க்கக் கிடைக்கிற மகள் அஃபீஃபா. அவளைக் காட்டும்போதுதான் அந்த மனுஷனுக்குத் தரையில் ஏதோ கிடக்கும்.

அவன் மனைவி உமைராவுக்கு ஒரே யோசனை. பெண் பிள்ளை பிறந்ததில் மனக்குறையோ? கேட்கலாமென்று வாயெடுப்பதற்குள், குனிந்த தலையோடேயே படம் உறைந்துபோகும். அவள் எல்லாப் பழியையும் மோடம் மேல் போட்டாள். அப்படிப் போடுவதுதான் மனசுக்கு இதமாக இருந்தது.

கவரைப்பேட்டையில் அவள் தாய்வீடு. பிள்ளை பெற்றவள் நாற்பது நாள் அறையை விட்டு வெளியே வரக்கூடாது என்பது உம்மா மரியம் பீவியின் சட்டம். டெலிபோன் இருப்பதோ ஹாலில். டெலிபோன் ஆபீசில் கொடுத்த மோடத்திலிருந்து கதவிடுக்கு வழியாக ஒயரை அறைக்குள் இழுத்திருந்தார்கள். கதவைச் சாத்தினால் ஒயர் நசுங்கும். நசுங்கினால் புருஷன் மறைந்துவிடுவான்.

கும்மிடிப்பூண்டியில் கம்பெனி வேலைக்குப் போகும் தம்பி தமீம் அன்சாரி, ஷிப்ட் முடிந்து புது மோடம் தேடிக் கடை கடையாக ஏறி இறங்கினான்.

"ஆன்டெனான்னு ஒத்தக் கொம்பு வெச்சது மலிவா கீதுக்கா. ஆனா செவுத்தத் தாண்டாதாம். கம்பெனியில கம்ப்யூட்டர் பாக்குற ஹேமநாத்தக் கேட்டேன். மோடமும் ஒயர்லெஸ்ஸும் ஒரே பொட்டியில கீற மாதிரி, ரெண்டு கொம்பு வெச்சதா வாங்கு, சூடு வெளிய போறதுக்கு ஓட்ட கீதான்னு பாத்துக்கோன்னாரு."

"எதுனா வாங்கு. என் புள்ள மூஞ்சி அவருக்குத் தெளிவா தெரியணும். எனக்கு அது போதும்."

அடுத்த வெள்ளிக்கிழமை, பிள்ளை பிறந்து முப்பத்துநாலாம் நாள். ஹாலில் புது மோடம் பச்சை விளக்குகளோடு உட்கார்ந்திருந்தது. அறையில் சாம்பிராணிப் புகையும் பூண்டு லேகியத்தின் காரமும் வெயிலில் புழுங்கிய சுண்ணாம்பு வாடையுமாகக் கலந்து நிற்க, கூடூர் போகும் ரயில் கடந்த அதிர்வில் ஜன்னல் கம்பிகள் நடுங்கி ஓய்ந்த பிறகும், உத்தரத்துக் கொக்கியில் மட்டும் தூளிக்கயிறு கிறீச் கிறீச்சென்று தேய்ந்துகொண்டிருந்தது. தானாகத்தான் ஆடுகிறது என்று நினைத்தாள். பிள்ளை கால் உதைத்தால் ஆடாதா என்ன?

ஜும்மா முடித்து வந்த சஹாபுதீன் திரையில் வந்தான். தாடியில் ஒவ்வொரு மயிரும் தெரிந்தது. உமைராவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. லேப்டாப்பைத் தூளிப் பக்கம் திருப்பிவிட்டு, ஓரமாக நின்று திரையைப் பார்த்தாள்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"மச்சான், இப்பயும் இன்னாத்துக்குக் குனியிறீங்க? பொட்டப் புள்ளன்னு வருத்தமா? வாயத் தொறந்து சொல்லுங்க." அழுகை வெடித்துக்கொண்டு வந்தது.

"ஐய, அதெல்லாம் இல்ல உமைரா." குரலைத் தாழ்த்தினான். "தூளிகிட்ட அந்தம்மா உக்காந்துகினு கீறாங்களே. முக்காடு இல்லாம, தலைய விரிச்சுப் போட்டுகினு. அடுத்த ஊட்டுப் பொம்பளைய நான் எப்டிப் பாக்குறது? மொத வாரத்துலேர்ந்து அங்கயேதான் கீறாங்க. நீயா சொல்லி அனுப்புவன்னு பாத்தேன்."

அந்நியப் பெண் இருக்கும் அறையில் ஆண் கண்ணைத் தாழ்த்திக்கொள்வான். யார் என்னவென்று விசாரிக்கவும் மாட்டான். அதுதான் அவர்கள் வீட்டு மரியாதை. நாலு வாரமாக அந்த மரியாதையை அவன் காப்பாற்றியிருக்கிறான்.

உமைரா திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. திரையின் மூலையில் அவள் பக்கத்துப் படம் சின்னக் கட்டமாகத் தெரிந்தது. தூளி. சுவர். வேறு யாருமில்லை.

"உம்மாவா இருக்கும்..."

"உம்மாவ எனக்குத் தெரியாதா?"

சமையற்கட்டிலிருந்து அம்மி அரைக்கும் சத்தம் வந்தது. உம்மா அங்கேதான் இருந்தாள்.

"நல்லாப் பாருங்க மச்சான்."

"வேற பொம்பளைய எப்டிடி..."

"பாருங்க!"

அவன் நிமிர்ந்தான். படம் அவ்வளவு தெளிவு. அவன் கண்மணி நகர்வது தெரிந்தது. தூளியிலிருந்து மேலே. மெல்ல மேலே.

"தூக்குறாங்க," என்றான்.

"இன்னாத்த?"

"புள்ளைய."

ஓடினாள். தூளி தட்டையாகத் தொங்கி ஆடிக்கொண்டிருந்தது. கையை உள்ளே விட்டாள். துணியில் சூடு இருந்தது. பிள்ளை இல்லை.

"அஃபீஃபா! மச்சான், எங்க? எம்புள்ள எங்க?"

"ஒம் பின்னாலதான். தோள்ல போட்டுகினு நடக்குறாங்க. தெரியலையா ஒனக்கு?"

பின்னால் சிவப்புச் சிமெண்ட் தரை. கட்டில். வெயில். உம்மாவைக் கூப்பிட வாய் திறந்தது, சத்தம் வரவில்லை.  கட்டில் மேல் லேப்டாப் முன்னால் வந்து தொப்பென்று உட்கார்ந்தாள். இந்த உலகத்தில் அவள் பிள்ளை இப்போது அவன் கண்ணுக்கு மட்டும்தான் தெரிகிறது. இந்த லைன் இருக்கும்வரைக்கும்தான் தெரியும்.

"அறுத்துடாதீங்க மச்சான். பாத்துகினே இருங்க. இப்ப எங்க? சொல்லுங்க, எங்க?"

 சஹாபுதீன் முகம் வெளுத்துப்போயிருந்தது. கையைத் தூக்கினான். விரலை நீட்டினான்.

தலைக்கு மேலே ஃபேன் ஓட்டம் குறைந்தது.

"இல்ல... கரண்டு போவக்கூடாது... அல்லா..."

ஃபேன் நின்றது. ஹாலில் பச்சை விளக்குகள் அணைந்தன. பேட்டரியில் திரை மட்டும் எரிந்தது. அதில் அவன் உறைந்திருந்தான், வாய் பாதி திறந்து. நீட்டிய விரல் இடது பக்கம் இல்லை. வலது பக்கமும் இல்லை.

நேராக அவளைக் காட்டிக்கொண்டிருந்தது.

அறை நிசப்தமானது. அந்த நிசப்தத்தில் பிள்ளை ஒரு தடவை விக்கியது. மிகக் கிட்டத்தில்.

உமைரா குனிந்தாள். மடியில் அவளுடைய இரண்டு வெறுங்கைகள்தான் கிடந்தன. அவற்றுக்கு அடியில், நைட்டித் துணியில், பிள்ளை மூத்திரத்தின் ஈரம் வெதுவெதுப்பாகப் பரவிக்கொண்டிருந்தது.