கதவுக்குள் பிஸ்கட் பாக்கெட்

வீட்டில் அவளை எல்லோரும் ‘பாம்புச்செவி’ என்றுதான் கூப்பிடுவார்கள். அடுக்களையில் டப்பா மூடி லேசாகத் திறந்தால் போதும், மாடியில் படித்துக்கொண்டிருப்பவள் அடுத்த நொடி பக்கத்தில் வந்து நிற்பாள். கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பெயர் தேய்ந்து, இப்போது வெறும் ‘செவி’ ஆகிவிட்டது.

செவியின் அம்மா வாடகைக் கார் ஓட்டுகிறார். பாட்டு இல்லாவிட்டால் அம்மாவுக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. ஆனால் முன்கதவுகளில் இருந்த பழைய ஸ்பீக்கர்கள் மழைத்தண்ணீர் இறங்கி ஒரேயடியாக வாயை மூடிக்கொண்டன.

அந்தச் சமயத்தில்தான் சித்தப்பாவுக்கு வேலை கிடைத்தது. முதல் சம்பளத்தில் புது ஸ்பீக்கர்கள் வாங்கி வந்தார். ஞாயிற்றுக்கிழமை முழுக்க வியர்க்க விறுவிறுக்க உட்கார்ந்து, தன் கையாலேயே இரண்டு கதவுகளிலும் மாட்டினார்.

"எதுக்குப்பா இந்தச் செலவு?" என்றார் அம்மா.

"எனக்கு எத்தனை பரீட்சை, எத்தனை இன்டர்வியூ! ஒவ்வொண்ணுக்கும் சவாரிய விட்டுட்டு நீங்கதானே அண்ணி கூட்டிட்டுப் போனீங்க? முடியுற வரைக்கும் வெயில்ல காத்துக்கிட்டு நின்னீங்க. அத நான் மறப்பேனா?"

அம்மா சட்டென்று திரும்பி ரேடியோவைப் போட்டார். பாட்டு மெல்லக் கேட்டது. சித்தப்பா முகத்தில் அத்தனை பெருமை!

மறுநாள் பள்ளிக்குப் போகும் வழியில் அம்மா சத்தத்தைக் கூட்டினார். பாட்டில் மேளம் அதிர்ந்தது. கூடவே இடது கதவிலிருந்து ‘கர்ர்ர்... சரசர... கர்ர்ர்!’

"என்னம்மா அது?"

"ஒண்ணுமில்ல. புதுசுல்ல, போகப் போகச் சரியாயிடும்."

போகப் போக அது ஒன்றும் சரியாகவில்லை. "என்னம்மா, உங்க ரேடியோவுக்கு இருமலா?" என்று ஒரு பயணி கேட்டே விட்டாராம். அதிலிருந்து அம்மா ரேடியோவைத் தொடுவதே இல்லை. சித்தப்பா ஏறினால் மட்டும் மெதுவாகப் போடுவார்.

"எப்படி அண்ணி இருக்கு?"

"பிரமாதம்ப்பா!"

பின்சீட்டில் செவிக்கு வாய் நமநமத்தது. வீட்டுக்கு வந்ததும் அம்மாவைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏம்மா பொய் சொன்ன?"

"பாவம்டி, ஆசை ஆசையா வாங்கி மாட்டியிருக்கான். சரியில்லன்னு சொன்னா அவன் மனசு என்ன பாடுபடும்? பாட்டு இல்லாட்டி எனக்கு என்ன குறைஞ்சா போயிடும்? ஸ்பீக்கர் சரியில்லன்னு நீ மூச்சு விடக் கூடாது."

குறையத்தான் செய்தது. சிக்னலில் வண்டி நிற்கும்போதெல்லாம் அம்மாவின் விரல் தானாக ரேடியோ பக்கம் போகும். அப்புறம் நினைவு வந்து திரும்பிவிடும். பார்த்துப் பார்த்துச் செவிக்குத் தாங்கவில்லை. அம்மாவுக்குப் பாட்டும் வேண்டும், சித்தப்பா மனசும் நோகக் கூடாது. என்ன செய்வது?

சனிக்கிழமை அம்மா காரைத் துடைத்தபோது செவியும் ஒரு துணியோடு போய்ச் சேர்ந்துகொண்டாள். அம்மா தண்ணீர் எடுக்க உள்ளே போனதும் ரேடியோவைப் போட்டு, வலது கதவில் காதை வைத்தாள். சுத்தமாகக் கேட்டது. இடது கதவில் வைத்தாள். சத்தம் குறைவாக இருந்தால் ஒன்றுமில்லை. கூட்டி வைத்து மேளம் வந்தால் மட்டும் ‘சரசர’.

கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். இந்தச் சத்தம் அவளுக்கு நன்றாகத் தெரியும்! டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பியதும் கடைசி பெஞ்சிலிருந்து வருமே, அதே சத்தம்!

ஓட்டமாக ஓடிச் சித்தப்பாவிடம் போய் நின்றாள். சித்தப்பா சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

"சித்தப்பா, உங்க ஸ்பீக்கர் ரொம்ப நல்லாப் பாடுது. ஆனா அது பாடுறப்ப, இடது கதவுக்குள்ள யாரோ பிஸ்கட் பாக்கெட் பிரிக்கிறாங்க."

சித்தப்பா விழுந்து விழுந்து சிரித்தார். திடீரென்று சிரிப்பு நின்றது.

"ஐயையோ... பை!"

ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு ஓடினார். கதவின் உள்பக்கத் தட்டைக் கழற்றினார். ஸ்பீக்கரைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் பை தொளதொளவென்று தொங்கிக்கொண்டிருந்தது. மேளம் அதிரும்போதெல்லாம் அதுவும் கூடவே படபடத்தது.

"தண்ணி பட்டுத்தானே பழசு கெட்டுப்போச்சு? இதுவும் கெட்டுடக் கூடாதேன்னு நான்தான் சுத்தி வெச்சேன். வலது கதவுக்குப் பை கிடைக்கல."

"அதான் அந்தக் கதவு பிழைச்சுது! அம்மாதான் பாவம், ஒரு வாரமாப் பாட்டே போடல" என்றாள் செவி.

வாளியோடு வந்த அம்மா அப்படியே நின்றுவிட்டார். சித்தப்பா தலைகுனிந்தார்.

"ஏன் அண்ணி சொல்லவே இல்ல?"

"உன் மனசு கஷ்டப்படுமேன்னுதான்..."

"ஒரு வாரமாப் பாட்டே இல்லாம வண்டி ஓட்டியிருக்கீங்களே. அதுதான் அண்ணி எனக்குக் கஷ்டம்."

அம்மா அந்தக் கசங்கிய பையைக் கையில் வாங்கிப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

"அன்னிக்கு உனக்கு ஒரு நன்றிகூடச் சொல்லல. இப்பச் சொல்றேன். ஸ்பீக்கருக்கு ஒரு நன்றி. இந்தப் பைக்கு ரெண்டு."

பிறகு செவியை இழுத்து அணைத்துக்கொண்டார். "இந்தக் காதுக்கு எத்தனை சொல்றது?"

"நன்றியெல்லாம் வேண்டாம். நிஜமாவே ஒரு பிஸ்கட் பாக்கெட் வாங்கிக் குடு, போதும்."

சித்தப்பா பையை வெட்டி விரித்து, ஸ்பீக்கரைத் தொடாதபடி, தண்ணீர் இறங்கும் பக்கமாக இழுத்து ஒட்டினார். தட்டை மாட்டி முடித்ததும் மூன்று பேரும் பிஸ்கட் வாங்கக் கிளம்பினார்கள். அம்மா சத்தத்தைக் கூட்டினார். மேளம் அதிர்ந்தது. கதவு கப்சிப்!

"இப்ப எப்படி அண்ணி இருக்கு?" என்று சித்தப்பா பயந்துகொண்டே கேட்டார்.

அது அம்மாவின் காதில் விழவே இல்லை. அவர் ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டு, ஸ்பீக்கரை விடச் சத்தமாகப் பாடிக்கொண்டிருந்தார்.