படியேறிய சேலை

பகல் இரண்டு மணி. பங்களாவின் மாடியிலிருந்து டைரக்டர் காளிராஜ் அலறினார்.

"டிஸ்க்கைக் காணோம்! ரெண்டையும் காணோம்!"

ராஜபாளையத்தின் ஓரத்தில் இருந்த அந்தப் பழைய பங்களாவில் ஒரு மாதமாகக் கிரைம் படம் ஒன்றின் ஷூட்டிங் நடந்துகொண்டிருந்தது. எடுத்த காட்சிகள் மொத்தமும் இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளில் இருந்தன. ஒன்று அசல், இன்னொன்று நகல். எல்லோரும் மதியச் சாப்பாட்டில் இருந்த நேரத்தில் மாடி அறையிலிருந்து இரண்டும் போய்விட்டன. பூட்டு உடையவில்லை. சாவி வழக்கம்போல் கதவோரத்து ஆணியில்தான் தொங்கியது.

சப்-இன்ஸ்பெக்டர் ஜெயக்கொடி இரண்டரைக்கு வந்தாள். நாற்பது வயது. திருட்டுக் கேஸில் கெட்டிக்காரி என்று பெயர் வாங்கியவள். சினிமாவில் பெண் போலீஸ் என்றால் ஹீரோவுக்கு சல்யூட் அடிக்க மட்டும்தானா என்று வீட்டில் திட்டிக்கொண்டே டிவியை அணைப்பவள்.

படிக்கட்டுக்கு எதிரே ஒரு சிசிடிவி கேமரா இருந்தது. பதிவை ஓட்டினார்கள்.

சிவப்புச் சேலை, மஞ்சள் கரை. முந்தானையை இழுத்து முகத்தை மூடிய ஓர் உருவம் படிக்கட்டருகே வந்தது. பக்கவாட்டில் குனிந்து, சேலையின் கீழ் ஓரத்தைப் பிடித்து, முழங்கால் வரை தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று மேலே ஏறியது. இறங்கும்போது கையில் ஒரு துணிப்பை.

"பாண்டிசெல்வியோட சேலைல்லா அது?" என்றான் கதாநாயகன் பிரேம்குமார். "நான் யாரையும் குத்தம் சொல்லலை மேடம். காலையில டைரக்டர் அவளைத் திட்டுனாரு. பொம்பளை மனசுல என்ன ஓடும்னு நமக்கா தெரியும்?"

"நீங்க அப்ப எங்க சார் இருந்தீங்க?"

"கேரவன்ல. வீட்டுச் சாப்பாடு. தனியாத்தான் சாப்பிடுவேன்."

ஜெயக்கொடி தலையாட்டினாள். அவன் அங்கே இருந்ததைப் பார்த்தவர் யாரென்று கேட்கவில்லை.

அடுத்து, காஸ்ட்யூம் பார்க்கும் அங்காளம்மாள்.

"இந்தச் சேலை பாண்டிசெல்வியோடதா?"

"ஆமாம்மா. ஒரே மாதிரி ரெண்டு எடுத்தோம். ஒண்ணு பாண்டிசெல்விக்கு. இன்னொண்ணு டூப் போடுத ஜெபினுக்கு. பொம்பளை உருண்டு விழுற சீனுக்கு ஆம்பிளைக்குத்தான சேலை கட்டி விடுதாக. நேத்து அந்தப் பையன் விழுந்து கால ஒடிச்சிட்டான். ஹீரோ சார்தான் தன் கார்ல தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாரு. தங்கமான மனுசன்."

"சரி, போங்க."

கடைசியாகப் பாண்டிசெல்வி வந்தாள். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி. பத்து வருஷமாகச் சின்ன வேஷங்கள். புருஷனுக்கு விஷம் வைக்கிறவள், குடும்பத்தைக் கெடுக்கிறவள், கள்ளக் காதலனோடு சேர்ந்து கொலை செய்கிறவள். அந்த முகத்தை ஊருக்கே தெரியும். ஜெயக்கொடிக்கும் தெரியும்.

"சாப்பாட்டு நேரத்துல எங்க இருந்த?"

"ரூம்ல படுத்துக் கெடந்தேன். தலைவலி."

"யாரு பாத்தா?"

"தனியாப் படுத்திருந்தா யாரு பாப்பா?"

"ஏட்டி, நடிக்காதே. உன்னை எத்தனை படத்துல பாத்திருக்கேன்!"

பாண்டிசெல்வி அவளை நிமிர்ந்து பார்த்தாள். "படத்துலதான பாத்தீங்க?" என்றாள்.

அந்தக் கேள்வி ஜெயக்கொடியின் காதில் விழுந்தது. மனதில் விழவில்லை. பாண்டிசெல்வியின் கையைப் பிடித்து ஜீப்பில் ஏற்றினாள். கேட்டில் கூடியிருந்தவர்கள் செல்போனைத் தூக்கிப் பிடித்தார்கள். "விஷக்காரி மாட்டிக்கிட்டாடோய்!" என்று எவனோ கத்தினான். ஜெயக்கொடி அவனை அதட்டவில்லை.

நான்கு மணிக்குள் அந்த வீடியோ ஸ்ரீவில்லிபுத்தூர் வரை போய்விட்டது. 'படத்தில் விஷம் வைத்தவள், நிஜத்தில் திருடி' என்று மேலே எழுத்து வேறு.

ஸ்டேஷனில் விசாரணை அறை மாடியில். பாண்டிசெல்வி இன்னும் ஷூட்டிங் சேலையில்தான் இருந்தாள். படிக்கட்டு வந்ததும் முன்கொசுவத்தை விரல்நுனியால் பிடித்து லேசாக உயர்த்திக்கொண்டு, நிதானமாக ஏறினாள்.

பின்னால் வந்த ஜெயக்கொடி கீழ்ப்படியிலேயே நின்றுவிட்டாள்.

அவளும் தினமும் வீட்டில் சேலை கட்டுகிறவள்தான். அவளும் இப்படித்தான் மாடி ஏறுவாள். யோசித்துச் செய்வதில்லை, கை தானாகப் போகும். தன் மேஜைக்கு ஓடிப்போய், பங்களாவிலிருந்து எடுத்துவந்த பதிவை மறுபடி ஓட்டினாள். பக்கவாட்டில் குனிந்து, கீழ் ஓரத்தைப் பிடித்து, முழங்கால் வரை... அது வேட்டியை மடித்துக் கட்டப் போகிற ஆம்பிளையின் பிடி.

பதிவு முடிந்த பிறகும் அவள் கம்ப்யூட்டர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் எரிந்தது. சேலையைப் பார்த்தாள், பெண் என்று முடிவு கட்டினாள். பாண்டிசெல்வியைப் பார்த்தாள், திருடி என்று முடிவு கட்டினாள். இதற்கு ஒரு போலீஸ் எதற்கு?

ஐந்து மணிக்கு அவள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். டூப் நடிகன் ஜெபின் காலில் மாவுக்கட்டோடு படுத்திருந்தான். இவன் படியேறியிருக்க முடியாது.

"நேத்து நீ கட்டியிருந்த சேலை எங்க?"

ஜெபின் நெளிந்தான். "கார்லயே அவுத்துப் போட்டுட்டேன் மேடம். உள்ள பேன்ட் போட்டிருந்தேன். சேலையோட ஆஸ்பத்திரிக்குள்ள போக வெக்கமா இருந்துச்சு."

"எந்தக் கார்ல?"

"ஹீரோ சார் கார்லதான்."

மாலை ஆறு மணி. பங்களா முற்றத்தில் எல்லோரையும் நிற்க வைத்தாள்.

"பிரேம்குமார் சார், காரோட டிக்கியத் திறங்க."

"எதுக்கு? பொம்பளையப் பிடிச்சாச்சில்ல?"

"நான் பிடிச்சது தப்பான ஆளை. படியேறினது ஆம்பிளை. வேட்டியத் தூக்கிப் பிடிக்கிற பழக்கத்தைச் சேலை மறைக்காது. ஒரே மாதிரி சேலை ரெண்டு. ஒண்ணு பாண்டிசெல்வி உடம்புல இருந்துச்சு. இன்னொண்ணை ஜெபின் உங்க கார்ல விட்டுட்டுப் போனான். அது திரும்ப காஸ்ட்யூம் பெட்டிக்கு வரவே இல்லை. அங்காளம்மாள் மதியமே எனக்குப் பாதி சொல்லிட்டாங்க. மீதிய நான் கேக்கலை. நீங்க தனியாச் சாப்பிட்டதை யாரு பாத்தான்னும் நான் கேக்கலை. பாண்டிசெல்விகிட்ட மட்டும்தான் கேட்டேன்."

பிரேம்குமார் காளிராஜைப் பார்த்தான். காளிராஜ் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஸ்டெப்னி டயருக்கு அடியில் சிவப்புச் சேலை சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. அதற்குள் இரண்டு டிஸ்க்குகள்.

"ஏன் தம்பி?" என்றார் காளிராஜ்.

பிரேம்குமார் வெடித்தான். "படத்தோட முடிவை எங்கிட்டப் போன வாரம்தான சொன்னீக? அவ நல்லவளாம், கொலைகாரன் நானாம்! எங்க ஊர்லயே எடுத்து, எங்க ஊர்த் தியேட்டர்லயே அதைப் போடுவீக. எம்புட்டுப் பேரு சிரிப்பான்? எல்லாம் தொலஞ்சு போனா மறுபடி எடுத்துத்தான ஆகணும். அப்ப மாத்தச் சொல்லலாம்னு நெனைச்சேன்."

"அந்தப் பழி அவ தலையில விழும்னு தெரியாதா?"

"அவ தினமும் அந்த வேஷம்தான போடுதா மேடம்? அவளுக்கு என்ன புதுசா?"

அறைய வேண்டும் போலிருந்தது ஜெயக்கொடிக்கு. ஆனால் அவன் வாயிலிருந்து வந்தது, மதியம் அவளே நினைத்ததுதான். கை எழவில்லை.

மறுநாள் காலை. ஸ்ரீவில்லிபுத்தூரில், ரத வீதிக்குப் பின்னால் ஒரு சந்து. ஜெயக்கொடி யூனிஃபார்மோடு தனியாக நடந்து வந்தாள். பாண்டிசெல்வியின் மகள் இந்து கதவைத் திறந்தாள். அழுது வீங்கிய கண்கள். இரண்டு வீடு தள்ளி நின்ற பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

"அம்மா இருக்காங்களா?"

பாண்டிசெல்வி வாசலுக்கு வந்தாள். பழைய நைட்டி, தோளில் துண்டு.

"உள்ள வரலாமாங்க?" என்றாள் ஜெயக்கொடி. "மன்னிப்புக் கேக்கத்தான் வந்தேன்."

"உள்ள வேண்டாம்."

"நான் உங்களை அப்படிப் பேசியிருக்கக் கூடாது. ஒரு பொம்பளையா இருந்துட்டு நானே..."

"எனக்குத் தெரியும்மா, நான் திருடலைன்னு. எங்கிட்டச் சொல்லி என்ன ஆகப்போகுது?" பாண்டிசெல்வி சந்துப் பக்கம் கை காட்டினாள். "நேத்து ராத்திரி எம்மக தண்ணி பிடிக்கப் போனா. இவிய எல்லாம் குடத்தை எடுத்துக்கிட்டு ஒதுங்கிட்டாக. இங்கன நின்னு சொல்லுங்க."

ஜெயக்கொடி திரும்பினாள். நான்கைந்து பெண்கள். எதிரே தேய்ப்பு வண்டியில் தவசிமுத்து. சைக்கிளை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்க்கும் இரண்டு பேர். பத்தொன்பது வருஷ சர்வீஸில் எத்தனையோ கூட்டத்தை அதட்டி விரட்டியவள், இன்று தரையைப் பார்த்துப் பேசினாள்.

"இவங்க... தப்பு எதுவும் பண்ணலை."

தவசிமுத்து இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "என்ன சொல்லுதீக? கேக்கலையே!"

பாண்டிசெல்வி கதவில் சாய்ந்து காத்திருந்தாள்.

ஜெயக்கொடி தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். தலையை நிமிர்த்தினாள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

"என் பேரு ஜெயக்கொடி, சப்-இன்ஸ்பெக்டர். பாண்டிசெல்வி எதையும் திருடலை. தப்பு பண்ணினது நான்!" என்று தெருமுனை வரை கேட்கும்படி சொன்னாள்.