முப்பதாம் திகதிப் பறவை

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்த கையோடு ஸாஹிர் கல்லடிக்கு மோட்டார் சைக்கிளை விட்டது நல்லரத்தினத்தின் போனைத் திருத்திக் கொடுக்கத்தான் என்று வீட்டில் சொல்லியிருந்தான். உண்மை அதுவல்ல. அன்று காலை வாவிக்கரையில் ஏழு கரண்டிவாயன் பறவைகளைக் கண்டிருந்தான். அதை யாரிடமாவது நேரில் சொல்லாவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது. காத்தான்குடியில் போன் கடை வைத்திருக்கும் நாற்பது வயது மனிதன், பறவை பார்ப்போர் குழுவில் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஆனால் குழுவில் பறக்கும் குறுஞ்செய்திகளில் பாதி அவனுடையது.

நல்லரத்தினம் அதற்கு நேர்மாறு. புகையிரத நிலையத்துப் பார்சல் கந்தோரில் முப்பது வருடம் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவர். பெட்டியைத் திறக்காமலே உள்ளே இருப்பதைச் சொல்லிவிடுவார் என்று அந்தக் காலத்தில் பெயர். குழுவில் யாருடைய பொருள் காணாமல் போனாலும் அவரிடம்தான் வருவார்கள். அவர் நாலு கேள்வி கேட்பார், பொருள் கிடைத்துவிடும். ஸாஹிர் அவருக்குத் தன்னைத்தானே உதவியாளனாக நியமித்துக்கொண்டு ஆறு மாதமாகிறது.

இரண்டாயிரத்துப் பத்தாம் ஆண்டு மாசி மாதம். சண்டை முடிந்து ஒன்பது மாதம். விருந்தாளிப் பறவைகளைத் தேடி மனிதர் பயமில்லாமல் வாவிக்கரைக்குப் போன முதல் மாரி அதுதான்.

கரண்டிவாயன் கதை பாதியில் நிற்கும்போது படலை திறந்தது. வந்தவர் அன்னப்பூரணி. சுனாமியில் போன வினாயகமூர்த்தியின் மனைவி. கதிரையில் உட்காராமலே கையிலிருந்த பையை நீட்டினார்.

"ரத்தினண்ணன், என்னைக் கள்ளி எண்டு கதைக்கிறாங்க."

"முதல்ல இருங்க," என்றார் நல்லரத்தினம். "ஆர், என்னத்துக்கு?"

அன்னப்பூரணி சொன்னது இதுதான். அவருடைய கணவர் பதினாலு வருடம் குழுவின் கண்டகொப்பியை வைத்திருந்தவர். யார் எந்தப் பறவையைக் கண்டாலும் அவரிடம் சொல்வார்கள், அவர் அதில் எழுதுவார். கடல் வந்த காலையில் மனிதரும் போனார், கொப்பியும் போனது. இப்போது ஆறு கிழமையாக, கிழமைக்கு ஒன்றாக, அந்தக் கொப்பியின் பதிவுகள் எழுதிய தாள் ஒன்று அவருடைய வீட்டுப் படலையில் செருகியிருக்கிறது. எழுதியவர் பெயர் இல்லை. அன்னப்பூரணி அவற்றைச் சந்தோசத்தோடு செயலாளர் உதயரூபனிடம் கொடுத்துவந்தார். உதயரூபன் மாரிப் பறவைகளின் பட்டியல் ஒன்றைத் தயாரித்துத் திங்கட்கிழமை கொழும்புக்கு அனுப்பவிருக்கிறார்.

"அஞ்சு தாள் வரைக்கும் தலையில வச்சுக் கொண்டாடினவர். நேத்து ஆறாவது வந்த. அதில கடைசி வரியப் பாருங்க."

நல்லரத்தினம் பார்த்தார். ஸாஹிர் அவருடைய தோளுக்கு மேலால் பார்த்தான். '30-12-2004. நண்டுதின்னி 1. ஆரையம்பதி வாவிக்கரை.'

ஸாஹிருக்கு வாய் பிளந்தது. நண்டுதின்னி வெள்ளை உடம்பும் கறுப்பு முதுகுமாக, தடித்த சொண்டால் நண்டை உடைத்துத் தின்னும் பறவை. குழுவில் ஒருவரும் இந்த வாவியில் அதைக் கண்டதில்லை.

"கடல் வந்தது இருபத்தாறாம் திகதி," என்றார் அன்னப்பூரணி. "செத்த மனிசன் நாலு நாளைக்குப் பிறகு குருவி பார்த்தவரோ எண்டு உதயரூபன் கேக்கிறார். எல்லாத் தாளும் பொய்யாம். ஞாயிற்றுக்கிழமைக்குள்ள எழுதின ஆளைக் காட்டாட்டி என்ர மனிசன்ர பேரைப் பட்டியலில இருந்து எடுக்கப்போறாராம். புருசன்ர பேர் நிக்கட்டும் எண்டு நானே இருந்து எழுதினதாம், அப்படியும் சிலபேர் கதைக்கிறாங்க. எனக்கு என்ன பேர் வந்தாலும் காரியமில்லை. அவர் பொய் எழுதினவர் எண்டு வரக்கூடாது."

ஸாஹிருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அண்ணன், இது உதயரூபன்ர வேலதான். தானே எழுதி, தானே கண்டுபிடிச்ச மாதிரி..."

"அவர் கணக்கு மனிசன். பிழையான திகதியக் கண்டா நித்திரை வராது. அதுக்காகக் களவு செய்யமாட்டார்," என்றார் நல்லரத்தினம். பிறகு தாள்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்குப் பிடித்தார். "தாள் எல்லாத்திலயும் மூலையில ரெண்டு ஓட்டை. வேற தாளோட சேர்த்து வச்சுக் குத்தின ஓட்டை. ஸ்டேப்ளர் இல்ல, குண்டூசி. சரி. இந்த எண்ணிக்கையப் பார், ஸாஹிர். பூநாரை அறுபது, அறுபது, இருபத்தஞ்சு. நூற்று நாப்பத்தஞ்சு எண்டு எழுதினா என்ன?"

"மூண்டு கூட்டமா நிண்டிருக்கும்."

"இஞ்ச உள்ளான், அறுபது, அறுபது, பத்து. ஆலா, அறுபது, நாப்பது. எல்லாக் குருவியும் அறுபது அறுபதாத்தான் நிக்குமோ?"

"அப்ப எழுதின ஆளுக்கு அறுபதுக்கு மேல எண்ணத் தெரியாது," என்றான் ஸாஹிர் உறுதியாக. அன்னப்பூரணிக்கே சிரிப்பு வந்துவிட்டது.

நல்லரத்தினம் உள்ளே போய்த் தன் பழைய நாட்குறிப்பு ஒன்றோடு வந்தார். "தொண்ணூற்றெட்டு மாசி எட்டாம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, நான் தனியப் போய்ப் பதினொரு கரண்டிவாயன் கண்டன். மூர்த்திக்கு மட்டும்தான் சொன்ன. இந்தா, தாளில கிடக்கு, கரண்டிவாயன் பதினொண்டு. ஆனா திகதி பன்னிரண்டு. இதை வேற ஒருவரும் கற்பனையில எழுதேலாது. அப்ப பதிவு உண்மை. திகதிதான் வேற என்னவோ. உன்ர போனில பழைய கலண்டர் இருக்கெல்லோ, பன்னிரண்டாம் திகதி என்ன கிழமை?"

ஸாஹிர் தட்டினான். "வியாழன்."

"முப்பது, பன்னிரண்டு, ரெண்டாயிரத்து நாலு?"

"வியாழன்." ஸாஹிருக்குக் கை வேகம் பிடித்தது. தாள்களில் நாற்பத்திரண்டு திகதி இருந்தன. வேர்க்க வேர்க்க நாற்பத்திரண்டையும் தட்டிப் பார்த்து முடித்தான். "அண்ணன், எல்லாம் வியாழன். ஒண்டுகூடத் தப்பேல்ல."

"தாள்கள் படலைக்கு வந்த நாளும் வியாழன்," என்று மெதுவாகச் சொன்னார் அன்னப்பூரணி. "அண்ணன், இன்னொண்டும் இருக்கு. நத்தார் அண்டு, இருபத்தஞ்சாம் திகதி, சனிக்கிழமை. பின்னேரம் முழங்கால் வரைக்கும் சேறோட வந்தவர். முகமெல்லாம் சிரிப்பு. என்ன எண்டு கேட்டன். 'வியாழக்கிழமை சொல்றன், பொறு' எண்டார். அடுத்த நாள் விடிய... நான் அஞ்சு வருசமா யோசிக்கிறன், அந்த மனிசன் என்னத்தைச் சொல்ல இருந்தவர் எண்டு."

நல்லரத்தினம் தாள்களை அடுக்கி, ஓரம் பார்த்துத் தட்டி, பையில் வைத்தார்.

"ஸாஹிர், இந்தப் புதுச் சேட்டு எங்க தைச்ச?"

இந்த நேரத்தில் சேட்டைப் பற்றி என்ன கேள்வி என்று ஸாஹிருக்குப் பட்டது. "மஜீட் நானாட கடையில. தங்கச்சிட கலியாணத்துக்கு, புது வருசத்துக்கு முதல் கிழமை."

"அளவெடுக்கேக்குள்ள என்ன கதைச்ச?"

"கனக்கக் கதைச்சன். குருவி பாக்கிற கூட்டத்தில சேர்ந்த, பழைய கொப்பி கடலோட போயிட்டு, அப்பிடி இப்பிடி எண்டு..."

"நல்லது. நாளைக்குக் காலையில உதயரூபனையும் அங்க கூட்டிற்று வா," என்றார் நல்லரத்தினம்.

மஜீடின் தையல் கடை காத்தான்குடிப் பிரதான வீதியில் இரண்டு மெசின் கொள்ளும் அளவு இடம். சனிக்கிழமை காலை அதற்குள் ஐந்து பேர் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். உதயரூபன் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி வாசலோரம் நின்றார். மஜீட் அறுபது தாண்டிய மெலிந்த மனிதர், ஊரில் எல்லாருக்கும் 'நானா', அண்ணன். வந்தவர்களில் அன்னப்பூரணியைக் கண்டதும் மெசினை மிதிப்பதை நிறுத்திவிட்டார்.

"நானா, நான் சொல்றன். பிழையெண்டா திருத்துங்க," என்று தொடங்கினார் நல்லரத்தினம். "உதயரூபன், நீங்க அந்த நேரம் பேராதனையில படிச்சுக்கொண்டிருந்தீங்க. நாங்க ஒரு கடுதாசித் துண்டோட சோதனைச் சாவடி தாண்டேலாத காலம். இடத்தின்ர பேர், திசை, எண்ணிக்கை எழுதின கொப்பி கையில இருந்தா, குருவி எண்டு சொன்னா ஆர் நம்புவான்? ஆளை எண்ணின கணக்கு எண்டுதான் நினைப்பான். மூர்த்திக்கு வேலை ஆரையம்பதிச் சங்கக் கடையில. வீடு கல்லடியில. நடுவழியில இந்தக் கடை. வாவிக்கரையில கண்டதையும் நாங்க போய்ச் சொன்னதையும் வீட்டுக் கொப்பி வரைக்கும் எப்படிக் கொண்டு போனவர் எண்டு நாங்க ஒருத்தரும் கேக்கேல்ல. கேக்காம இருக்கிறதுதான் அப்ப மரியாதை."

"அதுக்கும் திகதிக்கும்?" என்றார் உதயரூபன்.

"சாவடியில ஒருவரும் சந்தேகப்படாத துண்டு ஒண்டு இருக்கு. தையல்காரன்ர பில். அதில எண் இருக்கும், ஆனா அளவு. அளவுநாடா அறுபது அங்குலத்தோட முடியும். இடுப்பு நூற்று நாப்பத்தஞ்சு எண்டு எழுதினா சென்ட்ரியில நிக்கிற பொடியனும் சிரிப்பான். அதுதான் அறுபது, அறுபது, இருபத்தஞ்சு. மூலையில குண்டூசி ஓட்டை. தாளைக் குண்டூசியால சேர்த்துக் குத்துறது ஆர்ர பழக்கம்? இனித் திகதி. தையல்காரன் பெரிசா எழுதுற திகதி எது?"

பதில் ஸாஹிருக்கு முந்திக்கொண்டு வந்தது. "உடுப்புக் குடுக்கிற திகதி. ஜும்ஆவுக்கு உடுக்க வேணுமெண்டு எல்லாரும் வியாழக்கிழமைதானே எடுக்கிற."

"அவ்வளவுதான். நான் ஞாயிற்றுக்கிழமை கண்ட கரண்டிவாயன் வியாழக்கிழமையில கிடக்கு. அப்ப முப்பதாம் திகதி நண்டுதின்னி கண்ட நாள் இல்ல. மூர்த்தி வந்து துண்டை எடுக்க இருந்த நாள். கண்டது அதுக்கு முந்தி, சேறோட வீட்ட போன சனிக்கிழமை. கொப்பி போன கதை இந்தக் கடைக்கு மார்கழியில ஸாஹிர்ர வாயால வந்தது. அடுத்த வியாழக்கிழமை கல்லடிக்கு உடுப்புக் குடுக்கப் போன ஆள் முதல் தாளைச் செருகினவர்."

தன் வாயால் ஒரு நல்ல காரியம் நடந்தது ஸாஹிருக்கு இதுதான் முதல் தடவை. அவனுக்கு அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

மஜீட் எழுந்து மேல் தட்டிலிருந்து தடித்த அளவுப் புத்தகங்கள் நாலை இறக்கினார். துணியில் சுற்றி வைத்திருந்தார். "ஒண்டும் பிழையில்ல," என்றார். "அவர் சொல்லுவார், நான் எழுதுவன். நீளக் காற்சட்டை எண்டா பூநாரை. அரைக் காற்சட்டை எண்டா உள்ளான். கொலர் வச்ச சேட்டு கரண்டிவாயன். வியாழக்கிழம வந்து கையெழுத்துப் போட்டுத் துண்ட எடுப்பார், காபன் பிரதி எனக்கு. ரெண்டாயிரத்து ரெண்டில சமாதானம் வந்த மறுகாவும் இந்தப் பழக்கத்த நாங்க விடல்ல, எப்ப என்ன மாறுமோ எண்டு. வீட்டிலயும் சொல்லமாட்டார். தெரியாட்டி, ஆரும் வந்து கேட்டாலும் அவங்க பொய் சொல்லத் தேவல்ல எண்டுவார்."

"பேர் போடாம ஏன் நானா செருகினீங்க?" என்று கேட்டார் உதயரூபன். குரலில் பழைய விறைப்பு இல்லை.

"சண்ட முடிஞ்சிட்டு எண்டு சொல்றாங்க, தம்பி. பயம் அவ்வளவு கெதியில முடியிதில்லையே. காபனில எழுத்து மங்கிப் போச்சு, அதுதான் திருப்பி எழுதின. திகதி எண்டா எனக்குக் குடுக்கிற திகதிதான். முப்பது வருசப் பழக்கம். அதில இந்தத் தங்கச்சிக்குக் கெட்ட பேர் வரும் எண்டு எனக்கு விளங்கல்ல." அவர் அன்னப்பூரணியின் பக்கம் திரும்பினார். "என்னை மன்னிக்கணும்."

பிறகு கடைசிப் புத்தகத்தைத் திறந்தார். அந்தப் பக்கத்தில் காபன் பிரதி மட்டுமல்ல, மேல் துண்டும் கிழிபடாமல் இருந்தது. 'கறுப்புக் கோட், வெள்ளைச் சட்டை. 1. குடுக்கும் திகதி 30-12-2004.'

"சனிக்கிழம பின்னேரம் இந்த வாசல்ல நிண்டு சின்னப் புள்ள மாதிரிச் சிரிச்சார். 'நானா, கோட்டும் போட்டு ஒரு விருந்தாளி வந்திரிக்கார், பேர் நண்டுதின்னி' எண்டார். நானும் சிரிச்சன். 'இந்த ஒரு துண்ட மட்டும் பெண்சாதிக்குக் காட்டணும்' எண்டும் சொன்னார். வியாழக்கிழம நான் கடையத் திறந்து வச்சிற்று இருந்தன். காத்தான்குடியிலயும் எத்தன மௌத்து, ஒருத்தரும் கட திறக்கல்ல. நான் திறந்தன். அவர் வந்திருவார் எண்டு ஒரு நப்பாச. மஃரிபுத் தொழுகை வரைக்கும் இருந்தன்."

அன்னப்பூரணி துண்டின் மேல் விரலை வைத்தார். அழுவார் என்று ஸாஹிர் நினைத்தான். அவர் அழவில்லை.

"அண்டைக்கு அவர் சந்தோசமா இருந்தவர்," என்றார். "ஏன் எண்டு தெரியாமத்தான் நான் இவ்வளவு காலம் இருந்தன். நானா, நீங்க மன்னிப்புக் கேக்கவேணாம். அவர்ர கடைசிச் சந்தோசத்தை அஞ்சு வருசம் துணியில சுத்தி வச்சிருக்கீங்க. இதுக்கு நான் என்ன செய்வன்?"

மஜீட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உதயரூபன் பட்டியலை எடுத்து, மேசையில் வைத்து, வெட்டியிருந்த வரிக்குக் கீழே புதிதாக எழுதினார். நண்டுதின்னி, ஒன்று, 25-12-2004, கண்டவர் க. வினாயகமூர்த்தி. அத்தோடு நிறுத்தாமல், 'பதிவைக் காத்தவர் மஜீட், தையற்காரர்' என்றும் எழுதிவிட்டு, "அக்கா, நான் சொன்னது பிழை. மன்னிச்சுக்கொள்ளுங்க" என்றார்.

"நீங்க கேட்டபடியாலதானே தம்பி எனக்குத் தெரிய வந்த," என்றார் அன்னப்பூரணி.

மஜீட் மேல் துண்டை ஓரம் பார்த்து மெதுவாகக் கிழித்து, இரண்டு கையாலும் அவரிடம் கொடுத்தார். காபன் பிரதியின் அடியில் பெற்றுக்கொண்டவர் ஒப்பமிட ஒரு கோடு இருந்தது. மற்ற எல்லாப் பக்கங்களிலும் அந்தக் கோட்டில் வினாயகமூர்த்தியின் கையெழுத்து. அன்னப்பூரணி ஸாஹிரின் சட்டைப் பையிலிருந்து பேனையைத் தானே எடுத்துக் குனிந்து, அந்தக் கோட்டில் தன் முழுப்பெயரையும் எழுதினார். அதற்குக் கீழே 'நன்றி' என்று எழுதிப் பேனையைத் திருப்பிக் கொடுத்தார்.