பன்னிரண்டாவது வரிசை

மகளின் அறையைக் கூட்டிக்கொண்டிருந்தபோதுதான் அவளுக்குத் தட்டுப்பட்டது. வாசற்படியிலிருந்து பின்சுவர் வரை பதினொரு வரிசை டைல்ஸ் இருந்தது. போன வாரம் அவள் தன் கையால் ஒட்டியது பன்னிரண்டு.

வேறு யாராக இருந்தாலும் எண்ணிக்கை தப்பிவிட்டது என்று துடைப்பத்தை மூலையில் சாத்திவிட்டுப் போயிருப்பார்கள். அவள் பதினான்கு வருடமாக ஊரார் வீடுகளில் முட்டி தேய மண்டியிட்டுக் கல் ஒட்டியவள். அதுவும் இந்த அறையை மறக்கவே முடியாது. பெரும்பாலும் கடைசி வரிசைக்குக் கல்லை வெட்டித்தான் செருக வேண்டியிருக்கும். இங்கே வெட்டே இல்லாமல், அடிக்கு அடி கல் பன்னிரண்டும் முழுசாக உட்கார்ந்தன. "பாருங்க, அளவெடுத்துச் சட்டை தைச்ச மாதிரி" என்று புருஷனைக் கூப்பிட்டுக் காட்டினாள். இப்போது பதினொன்றாவது கல்லும் அப்படியே முழுசாகச் சுவரைத் தொட்டு நின்றது. விரிசல் கிடையாது, தூசி கிடையாது. அவள் அடித்த ஆணிகூடச் சுவரில் அதே இடத்தில் இருந்தது.

டேப்பை எடுத்து அளந்தாள். பதினொரு அடி. மறுபடி அளந்தாள். டேப்புக்குப் பொய் சொல்லத் தெரியாது.

இந்த வீட்டுக்கு வந்து இருபது நாள்தான் ஆகியிருந்தது. கீழே நகரத்தில் பெயின்ட் கலக்கும் பட்டறைக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறையில் மகளுக்கு இழுப்பு வராத வாரமே கிடையாது. ஒன்பது வயது. சின்னக் கழுத்தெலும்பு குழி விழ, நெஞ்சுக்குள் யாரோ விசிலடிப்பதுபோல் சத்தம் வர, இன்ஹேலரைக் கையில் இறுக்கிக்கொண்டு அவள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் கல்லும் கரையும். சிட்டு என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். மலைக்காற்று நல்லது என்றார் மருத்துவர். நகரத்தில் ஒரு குளியலறை வாங்கும் விலைக்கு மலையில் முழு வீடே கிடைத்தது. "அவ்வளவு சல்லிசா எவனாவது குடுப்பானா? ஏதோ இருக்கு" என்று அவளுடைய அண்ணன் இழுத்தான். "இருந்துட்டுப் போகட்டும். நானும்தான் இருக்கப் போறேன்" என்று பதில் சொல்லிவிட்டுச் சாமான்களை வேனில் ஏற்றியவள் அவள்.

வீடு மலையோடு முதுகை ஒட்டி நின்றது. ஜன்னல்கள் எல்லாம் முன்பக்கம். பின்னறையின் பின்சுவர் மலைப்பாறை மேலேயே பூசியது. எப்போதும் ஈர மண் வாடையும் துருப்பிடித்த இரும்பின் வாடையும் கலந்து லேசாக வீசிக்கொண்டிருக்கும். தினமும் மூன்று மணிக்குப் பனிமூட்டம் தெருவில் இறங்கி, எதிரே இருக்கும் கடையைத் துடைத்து எடுத்துவிட்டு, வாசற்படி வரை வந்து நிற்கும். அந்த நேரத்தில் கேட்பதெல்லாம் கூரைத் தகரத்திலிருந்து சொட்டும் தண்ணீரும், எங்கிருந்து என்று சொல்ல முடியாத ஒரு நீண்ட, மந்தமான, வந்து வந்து போகும் இரைச்சலும்தான். பாறை இடுக்கில் காற்று என்று அவள் நினைத்தாள்.

ஆனால் சிட்டுவுக்கு மூன்றாம் நாளே இழுப்பு நின்றுபோனது.

"எப்படிடி கண்ணு சரியாச்சு?"

"சுவத்துல முதுகை வெச்சுப் படுத்துக்குவேன்மா. அது மூச்சு இழுக்கறப்ப நானும் இழுப்பேன். அது விடறப்ப நானும் விடுவேன். ரொம்ப ஈஸி."

அன்றைக்கு அவள் சிரித்தாள். பதினொரு வரிசையைப் பார்த்த இன்று அந்தச் சிரிப்பு நினைவுக்கு வந்தது.

புருஷனிடம் சொன்னாள். அவர் மலைக்கும் அடிவாரத்துக்கும் வேன் ஓட்டி காய்கறி ஏற்றி இறக்குபவர். "கூலிக்கு எண்ணினா சரி. வீட்டுலயும் எண்ணினா இப்படித்தான்" என்று சிரித்துவிட்டுப் படுத்தார். மறுநாள் காலையில் பத்து வரிசை. அவர் கையில் டேப்பின் ஒரு முனையைக் கொடுத்து அளக்க வைத்தாள். அவர் மூன்று தடவை அளந்தார். அப்புறம் சிரிக்கவில்லை.

அவள் எதிர்க் கடைக்குப் போனாள். இத்தனை நாள் வாசலில் நின்றே வாங்கியவள், அன்று உள்ளே நுழைந்து பார்த்தாள். கல்லாப்பெட்டி, ஓர் அலமாரி, ஓர் அடுப்பு, சுருட்டி வைத்த பாய். அவ்வளவுதான் வீடு. கல்லாவுக்குப் பின்னால் கைக்கெட்டும் தூரத்தில் சுவர். இரண்டு கையையும் நீட்டினால் முன்னும் பின்னும் தொடலாம். யோசித்துப் பார்த்தால் அந்தத் தெருவில் எல்லா வீடும் அப்படித்தான் இருந்தது. எல்லோரும் முன்னறையில் சமைத்து, முன்னறையில் படுத்தார்கள்.

சுவர் ஓரமாகத் தரையில் ஒரு தட்டு இருந்தது. சோறு போட்டு மூடி வைத்த தட்டு.

"யாருக்கு அக்கா இது?"

"எங்க வீட்டுக்காரருக்கு."

"அவரை நான் பார்த்ததே இல்லையே. எங்க இருக்கார்?"

"உள்ளே இருக்கார்."

உள்ளே என்று சொல்ல அங்கே கதவே இல்லை. கடைக்காரம்மா திரும்பி, விரல் முட்டியால் சுவரை இரண்டு தட்டு தட்டினாள். கூரைத் தண்ணீர் சொட்டியது. ஒன்று. இரண்டு. மூன்று. பிறகு சுவருக்கு அப்பாலிருந்து, ரொம்ப ஆழத்திலிருந்து, இரண்டு தட்டு கேட்டது.

அவள் ஒரு எட்டு பின்னால் நகர்ந்தாள்.

"பின்னறையைக் குடுத்துடும்மா" என்றாள் கடைக்காரம்மா, சர்க்கரையை எடை போட்டபடியே, மழை வரும்போல இருக்கிறது என்று சொல்கிற குரலில். "குடுத்துட்டா அதோட நின்னுடும். வம்பு பண்ணினவங்க முன்னறையையும் சேர்த்துத்தான் விட்டாங்க."

"அறையை மட்டுமா கேக்குது?"

கடைக்காரம்மா தராசு முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வெறும் அறையை வெச்சுக்கிட்டு அது என்னம்மா பண்ணும்?"

சர்க்கரையை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். பனி இறங்கியிருந்தது. தெருவைக் கடப்பதற்குள் தலைமுடி நனைந்துவிட்டது. பின்னறையில் எட்டு வரிசைதான் இருந்தது. கட்டில் கோணலாகித் தள்ளியிருக்க, சிட்டு அதன் மேல் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எழுந்து வா. இனிமே இந்த அறை வேண்டாம்."

எதற்குக் கூப்பிட்டாலும் "ஒரே நிமிஷம்மா" என்று பத்து நிமிடம் வாங்கும் பிள்ளை. அன்று மறுபேச்சு பேசாமல் எழுந்து வந்து கையைக் கொடுத்தாள். கை ஜில்லென்று இருந்தது. மலைக்குளிர்.

அன்றைக்கே கிளம்பிவிடுவது என்று முடிவானது. சாமான் கிடக்கட்டும், உயிர் இருந்தால் உப்பு விற்றுப் பிழைக்கலாம். மகளை மடியில் வைத்துக்கொண்டு அவள் வேனில் ஏறினாள். தெரு தாண்டியது. முதல் வளைவில் வேன் திரும்பியதும் சிட்டுவின் மூச்சு நின்றது.

இழுப்பு இல்லை, திணறல் இல்லை. குழாயை மூடியதுபோல் நின்றது. நெஞ்சில் அசைவே இல்லை. கண் மட்டும் திறந்தபடி அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தது.

"திருப்புங்க! வண்டியைத் திருப்புங்க!"

வளைவுக்கு இந்தப் பக்கம் வந்ததும் நெஞ்சு ஏறி இறங்கியது. இன்னொரு தடவை போய்ப் பார்த்தார்கள். அதே வளைவு. அதே கண். அவர் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்து அழுதார். தாலி கட்டிய நாளிலிருந்து அவர் அழுது அவள் பார்த்ததில்லை.

மறுநாள் காலை, மருத்துவரைக் கையோடு கூட்டி வருகிறேன் என்று அவர் தனியாகக் கீழே போனார். அவர் போனதும் கடைக்காரம்மா வந்து வாசலில் நின்றாள். முன்னறையில் கட்டிலில் உட்கார்ந்திருந்த சிட்டுவை எட்டிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். அவள் முகம் மெல்லத் தளர்ந்தது.

"சரிம்மா. இனி உனக்குத் தொந்தரவு இல்லை" என்றாள்.

"எனக்கு இல்லாம இருக்கலாம். உங்க மலைக்கு இனிமேதான் தொந்தரவு."

"வேண்டாம்மா. சொன்னாக் கேளு. நாங்க எல்லாரும் கேட்டோம்."

"நீங்க கேட்டதாலதான் அது கேட்டுக்கிட்டே இருக்கு. ஒரு அடி இல்லை, ஒரு கல்லுகூட நான் குடுக்கறதா இல்லை. போய்ச் சொல்லுங்க."

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, எட்டு பவுண்டு சுத்தியலையும் நீள உளியையும் எடுத்துக்கொண்டு பின்னறைக்குள் போனாள். இப்போது ஐந்து வரிசை மிச்சம். அவள் உயரத்துக்கு ஒரு ஆள் படுத்தால் தலையும் காலும் சுவரில் முட்டும்.

முதல் அடியில் பூச்சு உதிர்ந்தது. உள்ளே பாறை. கருநீலப் பாறை. உளியை வைத்து அடித்தாள். பொறி பறந்தது. தோள்பட்டை அதிர்ந்தது. எத்தனை மாடிகளில் எத்தனை பழைய தரையைப் பெயர்த்த தோள் அது. விடவில்லை. ஒரு மணி நேரத்தில் பாறை விட்டுக்கொடுக்க ஆரம்பித்தது. உள்ளே போகப் போக அது இளகியது. களிமண் மாதிரி. தொட்டால் வெதுவெதுப்பு. கையளவு கையளவாக வாரிப் பின்னால் எறிந்தாள். துரு வாடை மூக்கை அடைத்தது.

தரையில் வெள்ளையாக ஒரு விளிம்பு தெரிந்தது. அவள் ஒட்டிய கல்.

"ஆறு!" என்று கத்தினாள்.

மலை அதிரவில்லை, பேசவில்லை. அந்த நீண்ட இரைச்சல் மட்டும் வந்தது, போனது. அவள் குடைந்தாள். தோள் நுழையும் அகலம். பிறகு இடுப்பு நுழையும் அகலம். மண்டியிட்டு, தன் கல்லின் மேலேயே தவழ்ந்தாள்.

"ஏழு! எட்டு! என்ன, வாயை மூடிக்கிட்டே? ஒன்பது!"

நகம் பெயர்ந்தது. வாயில் மண். பரவாயில்லை. பின்னால் ஜன்னல் வெளிச்சம் வெளுத்துக்கொண்டே வந்தது. மூன்று மணி. பனி வீட்டுக்குள் வந்துவிட்டது.

பத்து.

பதினொன்று.

உளி பொத்தென்று உள்ளே போனது. அந்தப் பக்கம் வெற்றிடம். பெயர்த்து விலக்கினாள். அவள் ஒட்டிய பன்னிரண்டாவது வரிசை. ஒரு சிராய்ப்பும் இல்லாமல், பளபளவென்று. அதற்கும் அப்பால் தரை முடியவில்லை. யார் வீட்டிலிருந்தோ வந்த சிவப்புத் தரை. அதற்கப்பால் பலகைத் தரை. அதற்கப்பால் இன்னொன்று. அறைக்குப் பின் அறையாக, கண் எட்டாத தூரம் வரை, ஒவ்வொன்றிலும் யாரோ சுவரில் முதுகை ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். எல்லா நெஞ்சும் ஒன்றாக ஏறின. ஒன்றாக இறங்கின.

ஒன்றைத் தவிர.

பன்னிரண்டாவது வரிசையில், முழங்காலைக் கட்டிக்கொண்டு, அவளுக்கு மிக அருகில் ஒரு சின்ன உருவம். அதன் நெஞ்சு மட்டும் அந்தத் தாளத்துக்குச் சேராமல் துடித்தது. விசிலடித்தது.

"சிட்டு?" என்றாள்.

"என்னம்மா?" என்று முன்னறையிலிருந்து, அவளுக்குப் பின்னாலிருந்து, தெளிவாகப் பதில் வந்தது.

இருட்டில் இருந்த உருவம் தலையைத் தூக்கியது.

"அம்மா... அது மாதிரி மூச்சு விடச் சொல்லுது... எனக்கு வேண்டாம்மா... இன்ஹேலர்..."

அவளுக்குள் ஏதோ ஒன்று அறுந்தது. வேறு ஏதோ ஒன்று கெட்டிப்பட்டது. சுத்தியலைப் போட்டுவிட்டு இரண்டு கையையும் துளைக்குள் விட்டாள். சின்ன விரல்கள் அவள் மணிக்கட்டைப் பற்றின. சூடான விரல்கள். வியர்த்த விரல்கள். அவள் பெற்ற விரல்கள்.

"பிடிச்சுக்கோ கண்ணு. அது எப்படி வேணாலும் விடட்டும். நீ உன் மூச்சை விடு. நான் இழுக்கறேன்."

துளையின் விளிம்பு அசைந்தது. ஈரமாக, நிதானமாக, அவள் தோளைச் சுற்றி இறுகியது. வரிசையாக உட்கார்ந்திருந்த முகங்கள் ஒவ்வொன்றாக அவள் பக்கம் திரும்பின. அவள் பல்லைக் கடித்தாள். காலை அகட்டி, தன் கல்லில், தான் ஒட்டிய கல்லில் ஊன்றினாள். இழுத்தாள். பிள்ளை ஒரு சாண் நகர்ந்தது. "வர்றா பார்! என் பிள்ளை வர்றா பார்!" என்று மலைக்குள் கத்தினாள். இன்னும் ஒரு சாண்.

பின்னால் கட்டில் கிறீச்சிட்டது. வெறுங்கால்கள் கல்லின் மேல் நடந்து வந்தன. தவழ்ந்து வந்தன. அவளுக்குப் பின்னால் நின்றன.

அவள் பிடியை விடவில்லை.

முதுகில் இரண்டு சின்னக் கைகள் வந்து பதிந்தன. ஜில்லென்ற, அவசரமில்லாத கைகள். அந்த இரைச்சல் வந்து போகும் அதே தாளத்தில், அவை அவளை உள்ளே தள்ளத் தொடங்கின.