சனிமூலைப் பச்சை

விருந்தாளி காப்பியைக் குடித்துவிட்டு, அந்த வீட்டுக் கலத்தில் சிறுநீர் கழிக்காமல் கிளம்பினால் கருவேலியில் அது பெரிய மரியாதைக் கேடு. பூமிப் பாறைகளில் மணிச்சத்து என்னும் பாஸ்பரஸ் தீர்ந்து எண்பது ஆண்டுகளாகிவிட்டன. அது இல்லாமல் நெல் கதிர் பிடிக்காது. சிறுநீரில் அது உண்டு; ஒரு சொட்டைக்கூட வீணாக்க முடியுமா? செத்தவர்களும் வீணாவதில்லை. எலும்பு உப்பாகச் சாடியில் வீடு திரும்புவார்கள். ஆகாத வருடத்தில் வயலைக் காப்பாற்ற வீட்டுக்கொரு சாடி இருந்தது. கலியமூர்த்தி வீட்டுச் சாடியில் அவர் மனைவி தெய்வானை இருந்தாள்.

பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மண்ணோக்கிகள் பறந்து வந்து, உலகத்து வயல் ஒவ்வொன்றின் வடகிழக்குச் சனிமூலையிலும் ஊசி இறக்கி மணிச்சத்தை அளக்கும். சத்தில்லாத வயல் சிவப்பு, உள்ளது பச்சை. பாதிக்குமேல் சிவந்த ஊருக்கு நிலவுச் சுரங்கத்து மணிச்சத்து உப்பு இலவசம். ஆனால் வரைபடம் ஊர்த்திரையில் பெயரோடு வருமே! போனமுறை திரையில் முதலில் சிவந்தது கலியமூர்த்தி வயல்தான்; அதிலிருந்து அவருக்கு ஊரில் ‘செவப்பு’ என்றே பெயர். அந்த வயிற்றெரிச்சல் அவருக்கு இன்னும் அடங்கவில்லை.

மண்ணோக்கி வரும் நாள் காலையில் சாடியை எடுத்தார்.

“அம்மாவ எங்கப்பா தூக்கிட்டுப் போற?” மகள் அஞ்சுகம் வழிமறித்தாள்.

“சனிமூலையில தூவத்தான்.”

“ஐயோ, செவப்பா இருந்தாத்தானே உப்பு வரும்?”

“ஊரே செவப்பும்மா. நம்ம ஒரு வயல் பச்சையானா என்ன கொறஞ்சிடப் போவுது? உப்பும் வரும், மானமும் நிக்கும்.”

வரப்பில் பக்கத்து வயல் சிங்காரவேலு எதிரே வந்தார். தோள்துண்டு எதையோ மூடியிருந்தது.

“என்னண்ணே, வெயில்ல?” என்று கேட்டார் கலியமூர்த்தி.

“சும்மாதான், தண்ணி பாக்க வந்தேன்.”

கலியமூர்த்தியும் தண்ணீர் பார்க்கத்தான் வந்ததாகச் சொன்னார். சனிமூலையில் சாடியைக் கவிழ்த்தார். “மன்னிச்சுக்க தெய்வான” என்று வாய்விட்டே சொன்னார்.

சாயங்காலம் ஊரே வெள்ளையும் சொள்ளையுமாகத் திரைமுன் கூடியது. கலியமூர்த்தி வயல் பச்சை! அவருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அடுத்து சிங்காரவேலு, பச்சை. அதற்கடுத்ததும் பச்சை. பத்தாவது வயலுக்குமேல், ஒரு சிவப்பாவது வராதா என்று பார்த்தார். ஊரின் நாற்பத்தொரு வயலும் பச்சை.

“கருவேலி வளமாக உள்ளது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு நிலவு உப்பு தேவையில்லை. வாழ்த்துகள்” என்றது திரை. பழக்கதோஷத்தில் யாரோ கைதட்டினார்கள். யார் யாரைத் திட்டுவது?

“அம்மாவ அள்ளிட்டு வந்துடலாம்ப்பா” என்றாள் அஞ்சுகம். அழவில்லை, அதுதான் அவரைக் கொன்றது.

காலிச் சாடியோடு ஓடினார்கள். தலைக்கு மேலே உப்புக் கப்பல் அடுத்த ஊரைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. மண்டியிட்டு, ஈரமண்ணை நகத்தால் சுரண்டினார். எது மண், எது தெய்வானை என்று தெரியவில்லை.

நாற்பத்தொரு சனிமூலையிலும் ஆட்கள் அப்படித்தான் குனிந்திருந்தார்கள். ஒருவரும் தலை நிமிரவில்லை. பக்கத்து வயல்காரன் பார்த்துவிட்டால் என்ன நினைப்பான்!