வாசலில் அலறிய மெஷின்

வீ...ல்!

வாசல் மெஷின் அலறியது. சிவப்பு விளக்கு எரிந்தது.

கதிரியக்க மருந்துப் பிரிவில் வேலை முடிந்து போகிறவர்கள் அந்த மெஷினில் கையை வைத்துக் காட்டிவிட்டுத்தான் போக வேண்டும். பச்சை என்றால் வீட்டுக்குப் போகலாம். சிவப்பு என்றால் கையில் மருந்து ஒட்டியிருக்கிறது.

கையை வைத்தவள் க்ளீனிங் அக்கா.

சீனியர் டெக்னீஷியன் ஓடி வந்தார். இருபது வருட சர்வீஸ். கோபம் எப்போதும் மூக்கு நுனியில்.

"மருந்துக் குப்பியை எடுத்தியா?"

"இல்ல சார்..."

"எடுக்காம எப்படிக் கத்தும்? வாட்ச்மேன், இவ பையைக் கொட்டு."

"சார், எல்லாரும் பாக்கறாங்க..."

"பாக்கட்டும். திருட்டுப் புத்தி ஊருக்கே தெரியட்டும்."

சீப்பு. காலி டிபன் பாக்ஸ். பாதி தைத்த குழந்தை சாக்ஸ் ஒன்று, ஊசி குத்தியபடி.

அக்கா சாக்ஸை எடுக்கக் குனிந்தாள்.

"தொடாதே!"

கைகளைத் தூக்கியபடியே நின்றாள். கண்ணைத் துடைக்கக்கூட வழியில்லை.

பாதுகாப்பு அதிகாரி மேடம் கதிர்வீச்சை அளக்கும் மீட்டரோடு வந்தார். வரும் வழியில் மருந்துக் குப்பிகள் வைக்கும் ஈயப் பெட்டியைத் திறந்து பார்த்திருந்தார்.

"மூணு குப்பியும் பத்திரமா இருக்கு. யாரு திருட்டுன்னு சொன்னது?"



தரையில் கிடந்த சாமான்களின் மேல் மீட்டர் ஊர்ந்தது. சத்தமில்லை. அக்காவின் வலது கை விரல்கள்... டிக், டிக், டிக். மேடம் திரும்பினார். டெக்னீஷியன் பக்கம் வந்ததும் மீட்டர் கடகடவென்று அடித்துக்கொண்டது.

"சட்டைப் பாக்கெட்ல என்ன?"

"பேனாதான் மேடம்..."

அக்கா மெதுவாகச் சொன்னாள்.

"அந்தப் பேனாவுலதான் காலையில என்னை ரிஜிஸ்டர்ல கையெழுத்துப் போடச் சொன்னாரு."

"மருந்து ஏத்தின க்ளவுஸோடயே பேனாவை எடுத்தீங்களா?" மேடம் அவரைக் கேட்டார்.

எடுத்திருந்தார். ஊசியில் மருந்தை ஏற்றும்போது போன் வந்தது. நோயாளியின் பெயரை அவசரமாகக் குறித்துக்கொண்டார். புதிதாகச் சேருகிறவர்களுக்கு அவர் எடுக்கும் முதல் பாடமே, க்ளவுஸைக் கழற்றாமல் பேனாவைத் தொடாதே என்பதுதான்!

அவமானத்தில் காது மடல் சுட்டது. பத்துப் பேர் பார்க்கத் திருடி என்றாரே... அந்தப் பத்துப் பேரும் இப்போது அவரையே பார்த்தார்கள்.

"மன்னிச்சிரும்மா. தப்பு என்னோடது."

குனிந்து சாக்ஸை எடுக்கக் கை நீட்டினார்.

"தொடாதீங்க சார். என் பொண்ணு போடற சாக்ஸ்."

நீட்டிய கை அப்படியே நின்றது. அக்கா வாஷ்பேசின் பக்கம் திரும்பினாள்.

"வாங்க, ரெண்டு பேரும் முதல்ல கையைக் கழுவுவோம். சோப்பை நான் திருடல... அங்கயேதான் இருக்கு."