ஆறாவது முகவரி

புதன்கிழமை காலை ஆறு மணிக்கு, தன் தம்பி வீட்டுக்குச் சாவுமாலை போகவிருப்பதைத் துளசிமணி திரையில் பார்த்தாள்.

சத்தியமங்கலம் பூக்கிடங்கில் அவள் அனுப்புகைக் கண்காணிப்பாளர். திரையில் பெயர்கள் வராது. வீட்டு எண், நேரம், பூவின் வகை, அவ்வளவுதான். கோயம்புத்தூர் சிங்காநல்லூரில் இருந்த அந்த வீட்டின் எண் அவளுக்கு மனப்பாடம். வியாழன் பகல் பதினொரு மணி. சம்பங்கி மாலை பன்னிரண்டு, உதிரி ரோஜா ஆறு கிலோ. வழியனுப்பு வகை.

அந்தப் பூவை யாரும் கேட்டிருக்கவில்லை. கேட்ட பிறகு பூ அனுப்பும் வழக்கம் ஒழிந்து பதினான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. பறித்த சம்பங்கிக்கு ஆயுள் ஒன்றரை நாள். முன்பெல்லாம் சந்தைக்கு வந்த பூவில் மூன்றில் ஒரு பங்கு குப்பைக்குப் போனது. அதே நாளில் எங்கோ ஒரு மணமேடை மாலைக்காகக் காத்துக் கிடந்தது. முன்னுணரி என்ற கணிப்புப் பொறி வந்ததும் அந்த அவதி தீர்ந்தது. மண்டபப் பதிவு, கோயில் நாட்காட்டி, மருத்துவமனைக் குறிப்பு, மக்கள் மணிக்கட்டில் கட்டியிருக்கும் நாடிப்பட்டை என எல்லாவற்றையும் படித்து, எந்த வீட்டுக்கு எப்போது என்ன பூ தேவைப்படும் என்று அது கணித்துச் சொன்னது. தோட்டக்காரர்கள் அந்த அளவுக்கே பறித்தார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மல்லிகைச் சரம் வந்து நின்றது. துக்க வீட்டில் முதல் அழுகுரல் அடங்குவதற்குள் மாலைகள் வந்தன. ஜனங்கள் முதலில் பயந்தார்கள். பிறகு பழகிக்கொண்டார்கள். ஏனென்றால் அது தவறியதே இல்லை.

தம்பி சென்னியப்பனுக்கு முப்பத்தெட்டு வயது. கல்யாணம் செய்துகொள்ளாதவன். நுரையீரல் காய்ச்சலோடு ஐந்து நாளாக மருத்துவமனையில் இருந்தான். முந்தின நாள் மாலைதான், "சனிக்கிழமை உட்டுருவாங்களாம்க்கா" என்று போனில் சொல்லியிருந்தான்.

துளசிமணி விடுப்பு எழுதிவிட்டுக் கோயம்புத்தூர் பேருந்தில் ஏறினாள். வழியெல்லாம் கைகளைப் புடவைத் தலைப்பில் சுற்றிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

அவன் கட்டிலில் சாய்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"என்னக்கா, வேலைக்குப் போகலையா? மேலெல்லாம் சம்பங்கி வாசம் அடிக்குது."

"சும்மாதான் வந்தேன். உன்னையப் பாக்கோணும்னு தோணுச்சு."

அவன் கன்னத்தில் ரத்த ஓட்டம் தெரிந்தது. மூச்சும் சீராகத்தான் இருந்தது. இவனுக்கா மாலை? நெஞ்சுக்குள் ஏதாவது அடைப்பு இருக்குமோ, யாருக்கும் தெரியாத ஒன்று முன்னுணரிக்கு மட்டும் தெரிந்திருக்குமோ என்று அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நண்பகலில் இரண்டு பணியாளர்கள் வந்து அவன் மூக்கிலிருந்த பிராணவாயுக் குழாயை எடுத்தார்கள். கட்டிலைத் தள்ளிக்கொண்டு தாழ்வாரத்தின் கடைசியில் இருந்த ஓர் அறையில் விட்டார்கள். அங்கே ஜன்னல் பெரிது, திரைச்சீலை நீலம். கருவி எதுவும் இல்லை. கதவில் 'ஆறுதல் பிரிவு' என்று எழுதியிருந்தது. கால் மணி நேரத்தில் சென்னியப்பன் வாயைத் திறந்து மூச்சு வாங்க ஆரம்பித்தான்.

துளசிமணி மருத்துவர் ரெஜினாவைத் தேடிப் பிடித்தாள்.

"எந்தம்பியை எதுக்குங்க அங்க மாத்துனீங்க?"

"நான் மாத்தலீங்கம்மா. படுக்கைப் பங்கீட்டுப் பொறி மாத்தியிருக்கு. தேற வாய்ப்பு குறைவுன்னா, அந்தக் கட்டிலை வேற ஒருத்தருக்குக் கொடுத்துரும்."

"காலைல இட்லி சாப்பிட்டானுங்க! எதை வெச்சு அப்படிச் சொல்லுது?"

மருத்துவர் தன் பலகையைத் திறந்து காரணங்களை மேலிருந்து கீழாகப் படித்தார். முதல் வரியிலேயே நின்றுவிட்டார்.

"மலர் ஒதுக்கீடு" என்றார் மெதுவாக. "ரெண்டு வருஷமா பூக் கணிப்பையும் இதுல சேர்த்திருக்காங்க. அது தப்பினதே இல்லைன்னு..."

துளசிமணி தாழ்வாரத்துக்கு வந்து கிடங்கின் தரவறையில் இருந்த ஹமீதாவைப் போனில் கூப்பிட்டாள். ஹமீதா தேடிப் பார்த்துச் சொல்லப் பத்து நிமிடம் ஆனது.

"துளசிக்கா, திங்கக்கிழமை குளிக்கறதுக்காக நாடிப்பட்டையைக் கழட்டி வெச்சிருக்காரு. இருபது நிமிஷம் நாடியே இல்லை. அதைப் பார்த்து ஆஸ்பத்திரிப் பொறி 'சந்தேகம்'னு ஒரு குறி போட்டிருக்கு. அந்தக் குறியைப் பார்த்து நம்ம முன்னுணரி கொஞ்சம் பூ ஒதுக்கியிருக்கு. நம்ம பூவைப் பார்த்து அது சந்தேகத்தை ஏத்திருச்சு. அதைப் பார்த்து நாம இன்னும் பூவை ஏத்தியிருக்கோம். நூத்துக்குப் பதினொண்ணு, இருபத்தாறு, அம்பத்தெட்டு. இப்போ தொண்ணூத்தி மூணுக்கா."

துளசிமணிக்கு இந்த இரண்டு வருடத்தில் தன் கையால் எத்தனை வழியனுப்புத் தொகுதிகளை ஏற்றி அனுப்பியிருப்போம் என்று ஒரு நினைப்பு வந்தது. அதை மேலே நினைக்க முடியவில்லை.

"நிறுத்திரு ஹமீதா."

"நிறுத்தறதுன்னு ஒண்ணு இல்லீக்கா. ஆள் பறிக்கப் போயாச்சு. கிணத்துல தூக்கிப் போட்டாலும் கணிப்பு அப்படியே நிக்கும், வேற பூ வரும். முகவரியை மாத்தத்தான் முடியும். ஒண்ணு நீங்க மாத்தோணும், இல்லாட்டி வாசல்ல அந்த வீட்டுக்காரங்க வேண்டாங்கோணும்."

"மாத்துனா எங்க போகும்?"

"பட்டியல்ல அடுத்ததா இருக்கற வீட்டுக்கு."

கதவின் கண்ணாடி வழியே தம்பியின் நெஞ்சுக்கூடு ஏறி இறங்குவது தெரிந்தது. துளசிமணி தன் கைக்கருவியில் விரலை வைத்து அழுத்தினாள்.

அரை மணி நேரத்தில் தொண்ணூற்று மூன்று ஒன்பதாக இறங்கியது. அதே இரண்டு பணியாளர்கள் வந்து கட்டிலைத் திரும்பத் தள்ளிக்கொண்டு போனார்கள். சென்னியப்பனுக்குக் குழாய் மாட்டினார்கள். "எதுக்கக்கா அழுகறே, அதான் பழைய எடத்துக்கே வந்துட்டேன்ல" என்றான் அவன்.

மறுநாள் அவளால் அவன் பக்கத்தில் உட்கார முடியவில்லை. தொகுதி எங்கே போகிறது என்று கைக்கருவியில் பார்த்தாள். குனியமுத்தூரில் ஒரு வீடு. ஆட்டோ பிடித்துப் போனாள்.

அவள் இறங்கும்போது ஓட்டுநரில்லாத வெள்ளைப் பூவூர்தி அந்த வாசலில் வந்து நின்றது. ஐம்பது வயதிருக்கும் ஓர் அம்மா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள்.

"பூக்கிடங்குல இருந்துங்களா? பேரன் பொறந்திருக்கறானுங்க, நேத்து. சொல்லாமயே வந்துருச்சு பாருங்க!"

"உங்க மக எப்படி இருக்கறாங்க?"

"கொஞ்சம் ரத்தம் போயிருச்சுங்க. காலைல வேற ரூமுக்கு மாத்தியிருக்காங்களாம். பெரிய ஜன்னலாமா, காத்து நல்லா வருமாமா."

ஊர்தியின் மூடி திறந்தது. உள்ளே கை பருமனில் சம்பங்கி மாலைகள் அடுக்கியிருந்தன. அந்த அம்மாவின் சிரிப்பு நின்றது.

துளசிமணி எல்லாவற்றையும் சொன்னாள். தம்பியைச் சொன்னாள், இரண்டு பொறிகளையும் சொன்னாள். "நாந்தானுங்க இதை உங்க வீட்டுக்குத் தள்ளிவுட்டேன். தெரிஞ்சேதான் செஞ்சேன்" என்றும் சொன்னாள்.

அந்த அம்மா திட்டவில்லை. தூணைப் பிடித்தபடி கேட்டாள்: "திருப்பி அனுப்புனா எம்பொண்ணு பொழைச்சுக்குமா?"

"பொழைச்சுக்குமுங்க. ஆனா வேற யாரு வீட்டுக்காச்சும் போயிருமுங்க."

"போகட்டுங்க" என்றாள் அந்த அம்மா. மறுப்புப் பொத்தானை அழுத்திவிட்டுச் செருப்பில்லாமல் சாலைக்கு ஓடினாள். துளசிமணி வந்திருந்த ஆட்டோவிலேயே அந்த அம்மா ஏறிப் போனாள்.

அந்த வியாழக்கிழமை முழுவதும் ஊர்தி கோயம்புத்தூரைச் சுற்றியது. மூன்றாவது வீட்டில், இங்கே சாவு எதுவும் இல்லை என்று மறுத்தார்கள். நான்காவது வீட்டில் மறுத்தார்கள், ஐந்தாவதிலும். துளசிமணி மருத்துவமனை வாசலில் நின்று கைக்கருவியையே பார்த்திருந்தாள். மாலை நாலரை மணிக்குக் கணபதியில் ஒரு வீட்டில் பூவை வாங்கிக்கொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை அவள் அங்கே போனபோது வாசலில் ரோஜா இதழ்கள் மிதிபட்டுக் கிடந்தன. வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டில் துணி தைத்துக்கொண்டிருந்த பெண் எழுந்து வந்தாள்.

"அந்த வீட்டுக்காரருக்குன்னு யாருமில்லீங்க. ராத்திரி ஆஸ்பத்திரியிலயே போயிட்டாரு, காலைலயே எடுத்தாச்சு. பூவை நாந்தான் கையெழுத்துப் போட்டு வாங்குனேன்."

"வேண்டாம்னு சொல்லியிருக்கலாமேங்க" என்றாள் துளசிமணி.

"நமக்கென்னங்க தெரியும். எதுக்கும் கேட்டுக்கலாம்னு ஆஸ்பத்திரிக்கு அவருக்கே போன் பண்ணுனேன். எடுத்துப் பேசுனாருங்க. குரலெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. பூ வந்திருக்குதுங்கண்ணான்னு சொன்னேன். 'வந்துருச்சுங்களா, செரீம்மா. வாடிரப் போகுது, கொஞ்சம் தண்ணி தெளிச்சு வெச்சிருங்க'ன்னாரு."